நிர்ப்பீடனத்தைக் கூட்டினால் போதுமா? டெங்குவும் கலத்துக்குள் இருக்கும் நெருக்கீட்டுக் காவலும்

மாரி மழை பிடித்து வளவுகளில் தண்ணீர் நின்றுவிட்டால் மட்டக்களப்பில் சுகம் விசாரிக்கிற முறையே மாறிவிடும். ஏறாவூர்ச் சந்தையிலும் காத்தான்குடிக் கடைத்தெருவிலும் கல்லடிப் பாலத்தடியிலும் "பிள்ளைக்கு எப்படி?" என்று கேட்பவர் அடுத்த மூச்சிலேயே "பிளேட்லெட் எவ்வளவாம்?" என்று கேட்பார். வடகீழ்ப் பருவமழையோடு மார்கழி, தை மாதங்களில் கிழக்கில் டெங்கு ஏறுவது வழமையாகிப் போனது. 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவிலிருந்து வந்த டெங்குச் செய்திகள் கிழக்கு மாகாணம் முழுவதையும் கலங்கடித்தன. அதன் பிறகு பிளேட்லெட் என்பது ஆய்வுகூடச் சொல்லாக இல்லாமல் வீட்டுச் சொல்லாகிவிட்டது.

கூடவே இலவச ஆலோசனைகளும் வரும். பப்பாசி இலைச் சாறு, மாதுளம்பழம், மருந்துக்கடையில் விற்கிற விற்றமின் பக்கெற்று. எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான்: "நிர்ப்பீடன சக்தி கூடும்." சக்தி கூடினால் வைரசு தோற்கும், வைரசு தோற்றால் ஆள் பிழைப்பார் என்பது கணக்கு. டெங்கு இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை.

அடங்காது என்பதை வார்டில் ஒரு பகல் இருந்தாலே பார்க்கலாம். மூன்று, நான்கு நாள் கொதித்த காய்ச்சல் இறங்குகிறது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து கதைக்கத் தொடங்குகிறது. வீட்டார் பையைக் கட்டலாம் என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் தாதியர் முன்னையைவிட அடிக்கடி வருவார்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற தாளில் எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிறுநீர் போனது, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் என்று மணிக்கு மணி எழுதுவார்கள். விரல் நுனியில் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து, அதில் செங்குழியங்களின் பங்கு ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். "காய்ச்சல்தான் விட்டிட்டே மனே, மறுகா ஏன் இன்னும் வீட்ட விடுறாங்க இல்ல?" என்று பக்கத்துக் கட்டில் அம்மம்மா கேட்பது நியாயமான கேள்வி. காய்ச்சல் இறங்குகிற அந்த 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் நுண்குழாய்களிலிருந்து திரவவிழையம் (இரத்தத்தின் நீர்ப்பகுதி) வெளியே கசிகிறது. இரத்தத்தில் வைரசின் அளவு அப்போது ஏறிக்கொண்டிருக்கவில்லை, வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆளை வீழ்த்துவது வைரசின் எண்ணிக்கை மட்டும் என்றால் இது நடக்கக்கூடாது.

அப்படியானால் உடல் கொடுக்கிற பதிலில்தான் ஏதோ இருக்கிறது. அந்தப் பதில் தொடங்குகிற இடம் இரத்தத்தில் ஓடுகிற வெண்குழியங்கள் அல்ல. வைரசு நுழைந்த அந்த ஒற்றைக் கலம்தான்.

சூட்டில் வீங்கிய நிறமூர்த்தம்

இலங்கையில் டெங்குத் தொற்று இரத்தப் பரிசோதனையால் முதன்முதலில் உறுதிப்படுத்தப்பட்டது 1962இல். அதே ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி பெரூச்சியோ ரிற்றோசா டெங்குவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சின்னக் கட்டுரையை வெளியிட்டார். பழ ஈக் குடம்பிகளை வைத்திருந்த பெட்டியின் வெப்பநிலையை யாரோ தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள். அந்தக் குடம்பிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களில் நிறமூர்த்தங்களின் சில குறிப்பிட்ட இடங்கள் வீங்கியிருந்ததை ரிற்றோசா கண்டார். சூடு பட்டவுடன் சில பரம்பரையலகுகள் விழித்து வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது. உயிரியலில் இதற்கு ஒரு முக்கியத்துவமும் இல்லை என்று ஒரு சஞ்சிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியது என்று அவரே பின்னர் எழுதினார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று இன்று பாடநூல்களில் இருக்கிற கதையின் தொடக்கம் அதுதான்.

அதற்கு ஐந்து ஆண்டு முன்னதாக, 1957இல், லண்டனில் அலிக் ஐசக்சும் ஜீன் லிண்டன்மனும் இன்டர்ஃபெரோனைக் கண்டுபிடித்திருந்தார்கள். வைரசு தொட்ட கலம் வெளியிடுகிற அந்தப் பொருள் பக்கத்துக் கலங்களை உசார்படுத்துகிறது. நெருக்கீடு (கலத்தைத் திணறவைக்கிற சுமை) ஒரு துறை, வைரசு எதிர்ப்பு இன்னொரு துறை என்று இரண்டும் வெகுகாலம் தனித்தனி வழியில் போயின. சூடு, பட்டினி, நஞ்சு, ஒட்சிசன் குறைவு ஆகியவற்றுக்குக் கலம் கொடுக்கிற பதிலும் வைரசுக்குக் கொடுக்கிற பதிலும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்பது துலங்கப் பல பத்தாண்டுகள் எடுத்தன. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. வைரசு கலத்துக்கு வைக்கிற சுமையில் மேலே சொன்ன அத்தனையும் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

நாலு காவல், ஒரு துருசு

வைரசிடம் புரதம் செய்கிற இயந்திரம் கிடையாது. டெங்கு கொண்டுவருவது ஏறத்தாழ 10,700 எழுத்துள்ள ஓர் ஆர்என்ஏ இழையும் அதைச் சுற்றிய உறையும் மாத்திரமே. மிச்சம் எல்லாம் நமது கலத்தின் றைபோசோம்கள் செய்துகொடுக்க வேண்டும். ஆகவே கலத்துக்கு இருக்கிற நேரடியான தற்காப்பு, உற்பத்தியை நிறுத்திவிடுவதுதான்.

நிறுத்துகிற இடம் இஐஎஃப்2 என்ற புரதம். றைபோசோம் ஒரு புரதத்தைக் கோக்கத் தொடங்கும்போது முதலாவது அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து கொடுப்பது இதன் வேலை. இதன் அல்பாத் துண்டில் 51ஆம் இடத்தில் இருக்கிற செரீனின் மேல் ஒரு பொசுபேற்று ஏறினால் வேலை நின்றுபோகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பொசுபேற்று ஏறிய இஐஎஃப்2, தன்னை அடுத்த சுற்றுக்குத் தயார்செய்கிற இஐஎஃப்2பி என்ற துணைவனை இறுகப் பிடித்துக்கொள்கிறது. இஐஎஃப்2பி கலத்தில் குறைவாகவே இருக்கிறது. எனவே மொத்த இஐஎஃப்2இல் ஒரு சிறு பங்கு மாறினாலே போதும், கலம் முழுவதும் புரத உற்பத்தி சில நிமிடங்களில் தாழ்ந்துவிடும்.

இந்தப் பொசுபேற்றை ஏற்ற நான்கு நொதியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காவல். எச்ஆர்ஐ, ஈமோகுளோபினில் இருக்கிற ஈம் குறைவதையும் கலத்துக்குச் சக்தி கொடுக்கிற இழைமணிகளில் வருகிற கோளாறையும் பார்க்கிறது. ஜிசிஎன்2 அமினோ அமிலப் பட்டினியைப் பார்க்கிறது. பெர்க், புரதங்கள் மடிபடுகிற அகமுதலுருச் சிறுவலையில் வேலை தேங்குவதைப் பார்க்கிறது. நாலாவது பிகேஆர். இது இரட்டைப்பட்டு ஆர்என்ஏயைப் பார்க்கிறது. உன்னிச்சைக் குளத்து நீரில் விளைகிற வட்டைகளில் நாலு மூலையில் நாலு பேர் காவல் நின்றாலும், எவர் கூப்பிட்டாலும் மூடுவது ஒரே துருசுதான் (குளத்து மதகு) என்பது போன்ற ஏற்பாடு. வந்த ஆபத்து வேறுவேறு, எடுக்கிற நடவடிக்கை ஒன்று.

வைரசுக்கதையில் முன்னுக்கு நிற்பது பிகேஆர். ஆர்என்ஏ வைரசு தன்னைப் பிரதிசெய்யும்போது மூல இழையும் எதிர் இழையும் சேர்ந்த இரட்டைப்பட்டு உருவாவதைத் தவிர்க்கவே முடியாது. சுமார் 30 சோடி எழுத்து நீளமான இரட்டைப்பட்டு கிடைத்தால் இரண்டு பிகேஆர் அதில் ஒன்றையொன்று சந்தித்து விழித்துக்கொள்ளும். நமது கலத்தில் அவ்வளவு நீளமான இரட்டைப்பட்டு ஆர்என்ஏ வழமையாக வெளியில் திரிவதில்லை. இன்டர்ஃபெரோன் கிடைத்த அயல் கலங்கள் பிகேஆரை அதிகமாகச் செய்து, ஆனால் விழிக்கவிடாமல், வைத்திருக்கும். அறிவிப்புக் கிடைத்த வீடு ஆயத்தமாகிறது, கதவை இன்னும் அடைக்கவில்லை.

வைரசுகள் இதைச் சும்மா விடவில்லை. இன்ஃப்ளுவென்சாவின் என்எஸ்1 புரதம் இரட்டைப்பட்டைப் போர்த்தி மறைக்கிறது. பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வக்சீனியா வைரசு, இஐஎஃப்2 போலவே தோற்றம் காட்டுகிற ஒரு போலிப் புரதத்தைப் பிகேஆரின் வாயில் வைக்கிறது. உதட்டில் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் வைரசிடம், ஏறிய பொசுபேற்றை இறக்கிவிடுகிற புரதமே உண்டு. இவ்வளவு தாக்குதலுக்கும் ஈடுகொடுத்து, குரங்கினங்களிலும் மனிதரிலும் பிகேஆர் மிக வேகமாக மாறிவந்த பரம்பரையலகுகளில் ஒன்றாக இருக்கிறது. நோய் எங்கே அழுத்தியது என்பதைப் பரம்பரையலகு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பக்கக் குறிப்பு. அந்த ஹெர்பிஸ் புரதத்தை வெட்டியெடுத்துவிட்டால் வைரசு சாதாரண கலத்தில் தத்தளிக்கும், தற்காப்புக் குலைந்த புற்றுநோய்க் கலத்தில் பெருகும். 2015இல் அமெரிக்காவில் தோல் மெலனோமாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட வைரசு மருந்து இந்த வெட்டை வைத்தே செய்யப்பட்டது.

மூடினால் ஆயுதமும் நிற்கும்

இங்கேதான் எனக்கு இந்தத் துறையில் பிடித்த சிக்கல் இருக்கிறது. உற்பத்தியை நிறுத்தினால் வைரசுப் புரதம் நிற்கும், சரி. இன்டர்ஃபெரோனும் ஒரு புரதம்தானே? அயலவரை எச்சரிக்கிற செய்தியை எழுதத் தாளும் மையும் அதே இயந்திரத்திலிருந்துதான் வரவேண்டும். இன்டர்ஃபெரோனுக்கான தூதர் ஆர்என்ஏ குவிந்து கிடக்கும், அதைப் புரதமாக்க ஆள் இருக்காது.

கலம் இதற்கு வைத்திருக்கிற வழி, பூட்டோடு சேர்த்துத் திறப்பையும் செய்வது. உற்பத்தி தாழ்ந்திருக்கிற நேரத்திலும் சில தூதர் ஆர்என்ஏக்கள், தங்கள் முன்பகுதியில் இருக்கிற சிறு வாசிப்புச் சட்டங்களின் (றைபோசோம் தனியாக வாசிக்கக்கூடிய சிறு துண்டுகளின்) காரணமாக, முன்னையைவிட நன்றாக வாசிக்கப்படும். அதில் முதன்மையானது ஏடிஎஃப்4. அது கலத்தின் கருவுக்குள் போய்ப் பல பரம்பரையலகுகளை எழுப்புகிறது. அந்தத் தொடரில் பிறக்கிற காட்34 என்ற புரதம், இஐஎஃப்2இல் ஏறிய பொசுபேற்றை இறக்கி உற்பத்தியை மீளத் தொடக்குகிறது. நெருக்கீடு தீராமல் நீண்டால் அதே தொடர் சொப் என்ற புரதத்தின் வழியாகக் கலத்தைத் தற்கொலைக்கு அனுப்புகிறது. திறப்பதும் சாவதும் ஒரே கட்டளைச் சங்கிலியில் இருக்கின்றன. எது நடக்கும் என்பதை நேரம் தீர்மானிக்கிறது.

இதற்கு ஒரு நல்ல சான்று சிக்குன்குனியாவில் கிடைத்தது. 2006இன் கடைசியில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வீட்டுக்கு வீடு ஆட்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததை நினைவிருப்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், காட்34 இல்லாத கலங்கள் இரட்டைப்பட்டு ஆர்என்ஏயைக் கண்டாலும் இன்டர்ஃபெரோன் பீற்றாவைச் சரிவரச் செய்ய முடியாமல் நின்றன. காட்34 இல்லாத எலிக்குட்டிகள் சிக்குன்குனியாவுக்கு இலகுவில் பலியாயின. திறப்பு இல்லாத பூட்டு கலத்தைக் காப்பாற்றவில்லை. "கூட்டு, கூட்டு" என்று சொல்பவர்களுக்கு இந்த எலிக்குட்டிகளைக் காட்ட வேண்டும்.

டெங்கு இந்த வீட்டில் எப்படி வாழ்கிறது

டெங்கு வைரசின் தொழிற்சாலை அகமுதலுருச் சிறுவலை. அதன் மென்சவ்வை உள்பக்கமாகக் குழித்து, சின்னச்சின்னப் பைகளாக்கி, அதற்குள் ஒளிந்து தன்னைப் பிரதிசெய்கிறது. இரட்டைப்பட்டு ஆர்என்ஏயைக் காவலர் கண்ணில் படாமல் வைக்க இதைவிட நல்ல மறைவிடம் இல்லை. ஆனால் அதே சிறுவலைக்குள்தான் வைரசின் உறைப்புரதமும் என்எஸ்1 புரதமும் (பெயர் ஒன்றானாலும் இன்ஃப்ளுவென்சாவின் என்எஸ்1 வேறு) மடிபட்டு, சர்க்கரை ஏறி, வெளியேற வேண்டும். வேலை குவிகிறது. மடிபடாத புரதம் தேங்கினால் மூன்று உணரிகள் எழும்: பெர்க், ஐஆர்இ1, ஏடிஎஃப்6.

கலிபோர்னியாவில் 2011இல் நடந்த ஆய்வு, டெங்கு இந்த மூன்றையும் நேரம் பார்த்துக் கையாள்வதைக் காட்டியது. முதலில் பெர்க் எழுகிறது, சீக்கிரமே அடக்கப்படுகிறது. நடுவில் ஐஆர்இ1, கடைசியில் ஏடிஎஃப்6. பெர்க் நீடித்தால் உற்பத்தி நிற்கும், அது வைரசுக்குக் கேடு. மற்ற இரண்டும் செய்வது என்ன? சிறுவலையைப் பெருக்கி, மடிக்க உதவுகிற துணைப்புரதங்களை அதிகமாகச் செய்துகொடுக்கின்றன. வீட்டுக்காரன் தன் நெருக்கடியைச் சமாளிக்க அடுப்படியைப் பெருப்பிக்கிறான், விருந்தாளி அதிலேயே சமைத்துச் சாப்பிடுகிறான். 2017இல் வந்த இன்னோர் ஆய்வின்படி டெங்கு தொற்றிய கலத்தில் கலத்தின் சொந்தப் புரத உற்பத்தி தாழ்கிறது, ஆனால் இஐஎஃப்2 பூட்டைத் தொடாமலே தாழ்கிறது. பூட்டைத் தொட்டால் அதன் பின்னே வருகிற எச்சரிக்கையும் சேர்ந்து வரும் என்பது வைரசுக்குத் "தெரிந்திருக்கிறது". பரிணாமத்தைப் பற்றி எழுதும்போது இந்த மேற்கோள்குறியைத் தவிர்ப்பது கடினம்.

உற்பத்தி நிற்கும்போது பாதியில் விடப்பட்ட தூதர் ஆர்என்ஏக்கள் ஜி3பிபி1 போன்ற புரதங்களோடு திரண்டு துகள்களாகும். நெருக்கீட்டுத் துகள்கள் என்று பெயர். வைரசு உணரிகள் பலவும் இங்கே வந்து கூடுகின்றன. டெங்கு இதைக் கெடுக்கிற விதம் விசித்திரமானது. பழைய ஆர்என்ஏயை ஓர் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே போகிற ஒரு நொதியம் கலத்தில் உண்டு. அது டெங்குவின் ஆர்என்ஏயைத் தின்று வரும்போது, கடைசிப் பகுதியில் இருக்கிற ஒரு முடிச்சில் தடக்கி நின்றுவிடுகிறது. தின்னாமல் மிஞ்சுகிற அந்தத் துண்டுதான் வைரசின் ஆயுதம். அது ஜி3பிபி1, ஜி3பிபி2, கப்ரின்1 ஆகியவற்றைப் பிடித்துவைத்து, இன்டர்ஃபெரோன் எழுப்பிய பரம்பரையலகுகள் புரதமாவதைக் குறைக்கிறது என்று 2014இல் காட்டினார்கள். குப்பையைக்கூட இந்த வைரசு வீணாக்குவதில்லை.

இன்னொரு முனை இழைமணி. டெங்கு தொற்றினால் இழைமணிகள் அலங்கோலப்பட்டு அவற்றின் டிஎன்ஏ வெளியே கசியும். கலத்தின் உள்ளே கட்டுப்பாடில்லாமல் டிஎன்ஏ கிடந்தால் சிகாஸ் என்ற உணரியும் ஸ்டிங் என்ற புரதமும் சேர்ந்து இன்டர்ஃபெரோனை எழுப்பும். டெங்கு ஓர் ஆர்என்ஏ வைரசு. டிஎன்ஏயைப் பிடிக்கிற காவலுக்கு அது ஏன் பயப்பட வேண்டும்? தான் உண்டாக்கிய நெருக்கீட்டின் சாட்சியை அழிப்பதற்காகத்தான். அதன் என்எஸ்2பி3 என்ற வெட்டுநொதியம் மனித ஸ்டிங்கை இரண்டாக வெட்டுகிறது. எலியின் ஸ்டிங்கை அதால் வெட்ட முடியாது. சாதாரண ஆய்வுகூட எலிகளில் டெங்கு நன்றாகப் பிடிக்காததற்கான காரணங்களில் இது ஒன்று. அதே என்எஸ்2பி3, ஒட்சியேற்ற நெருக்கீட்டைச் சமாளிக்கிற என்ஆர்எஃப்2 என்ற சீராக்கியையும் அழிக்கிறது என்று 2020இல் தெரியவந்தது. என்ஆர்எஃப்2இன் குணம் இருபக்கமானது. அது கலத்தைக் காக்கிறது, அதேவேளை ஸ்டிங்கின் அளவைக் குறைத்தும் வைக்கிறது. எனவே அதைக் கூட்டுவது நல்லதா கெட்டதா என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல வராது.

ரிற்றோசாவின் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் இதே கதைதான். காய்ச்சல் 39, 40 பாகைக்குப் போனால் எச்எஸ்எஃப்1 என்ற சீராக்கி எழுந்து எச்எஸ்பி70 போன்றவற்றைச் செய்விக்கிறது. சூட்டில் குலைகிற நமது புரதங்களைத் தாங்க அது வேண்டும். 2015இல் வந்த ஆய்வு, டெங்கு கலத்துக்குள் நுழைவதிலிருந்து புதிய வைரசாகக் கோக்கப்படுவது வரை பல படிகளில் எச்எஸ்பி70ஐயே நம்பியிருக்கிறது என்று காட்டியது. நுளம்பும் இதில் பங்காளி. சூடான இரத்தத்தை உறிஞ்சியவுடன் அதன் உடல் திடீரென்று சூடாகும், தப்பிக்க அது எச்எஸ்பி70ஐப் பல மடங்கு கூட்டும். கடித்த வாயிலும் கடிபட்ட கையிலும் ஒரே புரதம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்காகக் காய்ச்சலை வேண்டுமென்றே விடவோ, பயந்து கண்டபடி மருந்து குடிக்கவோ சொல்லவில்லை. பனடோல் உரிய அளவில் போதும். அஸ்பிரினும் இபுபுரோஃபனும் இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டுவதால் டெங்குவில் கூடாது.

கசிவு எங்கிருந்து வருகிறது

நெருக்கீட்டு உணரிகளுக்கு வைரசை நிறுத்துவதோடு இன்னொரு வேலையும் உண்டு. அவை அழற்சியையும் எழுப்பும். பெர்க் புரத உற்பத்தியைத் தாழ்த்தும்போது, என்எஃப்-கப்பாபி என்ற அழற்சிச் சீராக்கியைக் கட்டிவைத்திருக்கிற குறுகிய ஆயுள் புரதம் தீர்ந்துபோகிறது. கட்டு அவிழ்கிறது. ஐஆர்இ1உம் தன் வழியில் அதே இடத்துக்கு வருகிறது. தொற்றிய வெண்குழியங்களிலிருந்து அழற்சித் தூதுப்பொருட்கள் கொட்டும்போது நுண்குழாய்ச் சுவரின் கலங்கள் நெகிழ்கின்றன. பெருப்பித்த சிறுவலையில் மடிபட்டு வெளியேறிய என்எஸ்1 புரதம் அந்தச் சுவரின் உட்பூச்சை நேரடியாகவே அரிக்கிறது. இரண்டாம் முறை வேறொரு வகை டெங்கு வந்தால் பழைய பிறபொருளெதிரிகள் வைரசை அழிக்காமல் வெண்குழியத்துக்குள் கைபிடித்துக் கூட்டிச் செல்வதும் உண்டு. டெங்குவில் நான்கு வகை இருப்பதால் "எனக்கு ஒருக்கா வந்திட்டு, இனிப் பயமில்லை" என்ற பேச்சு தலைகீழானது.

இதை வைத்துப் பார்த்தால் வார்டில் நடப்பது புரியும். வைத்தியர் அந்த 48 மணித்தியாலத்தில் நிர்ப்பீடனத்தை ஊக்கப்படுத்தப் பார்ப்பதில்லை. கசிகிற அளவுக்கு மட்டும், ஒரு துளி கூடாமல் குறையாமல், திரவம் கொடுத்து உடலின் பதில் தானாக அடங்கும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்கிறார். பிளேட்லெட் எண்ணிக்கை எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று காட்டுகிற அறிகுறி. அதைச் சற்று உயர்த்துவதால் கசிவு நிற்பதில்லை. பப்பாசி இலைச் சாறு கசிவை நிறுத்தும் மருந்தாக நிறுவப்படவில்லை. வாந்தியோடு இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கைப்பைப் பருக்குவதைவிட இளநீரோ சீவனியோ கொடுப்பது மேல்.

நெருக்கீடு கற்றுக்கொடுக்கிற இடம்

இவ்வளவும் வாசித்தவருக்கு நெருக்கீட்டுச் சீராக்கிகள் தொல்லை என்று தோன்றலாம். அவை இல்லாவிட்டால் பிறபொருளெதிரியே இல்லை. பி கலம் என்ற வெண்குழியம் பிறபொருளெதிரி சுரக்கிற கலமாக மாறும்போது அதன் சிறுவலை பல மடங்கு விரியவேண்டும். அதை விரிப்பது ஐஆர்இ1 எழுப்புகிற எக்ஸ்பிபி1. டெங்கு தன் தொழிற்சாலைக்குப் பயன்படுத்துகிற அதே சீராக்கி, டெங்குவை அடக்குகிற பிறபொருளெதிரியின் தொழிற்சாலையையும் கட்டுகிறது.

ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்கிற மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இன்னும் சுவையான எடுத்துக்காட்டு. மஞ்சள் காய்ச்சல் வைரசு டெங்குவின் குடும்பம்தான். அதை நலிவாக்கிச் செய்த 17டி தடுப்பூசிக்காக மக்ஸ் தைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு ஊசி பெரும்பாலானோரைப் பல பத்தாண்டு காக்கிறது. ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று தேடியபோது, அமினோ அமிலப் பட்டினியைப் பார்க்கிற ஜிசிஎன்2 அகப்பட்டது. தடுப்பூசி வைரசு கிளையுருக் கலங்களில் ஜிசிஎன்2ஐ எழுப்புகிறது. அந்தக் கலங்கள் தங்களையே ஓரளவு தின்று, வைரசுத் துண்டுகளை ரி கலங்கள் என்ற வெண்குழியங்களுக்கு நன்றாகக் காட்டுகின்றன. 2014இல் வந்த முடிவு இது. தடுப்பூசி போட்ட சில நாட்களில் இரத்தத்தில் ஜிசிஎன்2 எவ்வளவு எழுந்தது என்பது, பின்னால் வரப்போகிற ரி கலப் பதிலின் பலத்தை முன்கூட்டியே சொல்லும் அடையாளங்களில் ஒன்றாக இருந்தது.

எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. கொவிட் காலத்தில் இங்கே மூன்றாவது ஊசியாகப் போட்ட பைசர் தடுப்பூசி ஒரு தூதர் ஆர்என்ஏ. சாதாரண ஆர்என்ஏயைக் கலத்துக்குள் விட்டால் பிகேஆர் விழித்து உற்பத்தியை நிறுத்திவிடும், தடுப்பூசி சரிவர வேலை செய்யாது. கட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் ஆர்என்ஏயின் ஓர் எழுத்தைச் சற்று மாற்றி இந்தக் காவல்களைத் தூங்கவைத்தார்கள். அவர்களுக்கு 2023இல் நோபல் கிடைத்தது. 17டி காவலை எழுப்பி வென்றது, பைசர் காவலைத் தூங்கவைத்து வென்றது.

வௌவால்களைப் பார்த்தால் இன்னும் துலங்கும். மருத மரங்களில் தலைகீழாகத் தொங்குகிற பழந்தின்னி வௌவாலின் இனங்கள் பல வைரசுகளைச் சுமந்துகொண்டு நோயில்லாமல் திரிகின்றன. பறக்கும்போது அவற்றின் உடல் கடுமையாகச் சூடாகிறது, இழைமணிகள் வெகுவாக உழைக்கின்றன. ஆய்வு செய்யப்பட்ட வௌவால் கலங்களில் எச்எஸ்பி70உம் எச்எஸ்பி90உம் எப்போதும் உயர்வாக இருந்தன. ஸ்டிங்கில் ஒரு முக்கிய அமினோ அமிலம் மாறி, அதன் வேகம் குறைந்திருந்தது. வெளவால் பிழைப்பது நிர்ப்பீடனத்தைக் கூட்டி அல்ல.

மருந்து ஆய்வாளர்களும் இந்த இடத்தைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். வைரசு விகாரமடைந்து தப்பலாம், கலத்தின் சீராக்கி அவ்வளவு இலகுவில் மாறாது என்பது நம்பிக்கை. சிங்கப்பூரில் செல்கோசிவிர் என்ற மருந்தைச் சோதித்தார்கள். சிறுவலையில் வைரசுப் புரதங்களில் சர்க்கரை சீர்ப்படுவதைக் குழப்பி, அவை சரியாக மடிபடாமல் செய்வது அதன் வேலை. எலிகளில் நன்றாக வேலை செய்தது. 50 நோயாளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2014இல் வந்தது. ஆபத்தில்லை என்று தெரிந்தது, ஆனால் இரத்தத்தில் வைரசையோ காய்ச்சலையோ குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. எலிக்கு மருந்து கொடுத்த நேரமும் மனிதனுக்குக் கொடுத்த நேரமும் ஒன்றல்ல என்பது அதன்பின் நடந்த விவாதத்தின் ஒரு பகுதி.

அந்தச் சோதனைக்குச் சேர்த்தவர்கள் எல்லோரும் காய்ச்சல் தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் வந்தவர்கள். அதுவே பிந்தி என்றால் எங்கள் பக்கத்து நிலைமையை யோசிக்க வேண்டும். வெல்லாவெளியிலோ வாகரையிலோ இருக்கிற வீட்டில் முதல் நாள் பனடோல், இரண்டாம் நாளும் பனடோல், மூன்றாம் நாள் பின்னேரம்தான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். முதல் நாளிலேயே என்எஸ்1 பார்க்கிற பரிசோதனை உண்டு, பலர் அதைத் தனியார் ஆய்வுகூடத்தில் காசு கட்டித்தான் செய்கிறார்கள். பெர்க்கை எழுப்பவோ ஐஆர்இ1ஐ அடக்கவோ மருந்து நாளைக்கே வந்தாலும், அது வேலை செய்யக்கூடிய மணித்தியாலங்கள் அந்த இரண்டு பனடோல் நாட்களுக்குள்தான் கிடக்கின்றன.